ஒழுகாத கதவு

பழைய மோட்டார் வண்டிக்கு உடம்பு பார்க்கிற தொழில் பல் வைத்தியம் மாதிரி. ஆடுகிற பல் ஒன்றுதான் என்று சொல்லி உட்காருவார்கள், எழுந்திருக்கும்போது ஐந்து போயிருக்கும். தகரத்தோடும் துருவோடும் மல்லுக்கட்டிச் சோறு தின்கிற சக பாவிகளே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் படித்தால் பெருமூச்சு விடுவீர்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சித்திர வாத்தியாராக இருந்தவன். பையன்கள் வரைகிற மாம்பழத்துக்கு மார்க் போட்டுப் போட்டு அலுத்துப்போய், வண்ணார்பேட்டையில் குதிரை வண்டிப் பட்டறை ஒன்று வைத்தேன். வர்ணமும் வார்னிஷும் என் பொறுப்பு. தகட்டு வேலை முழுக்க என் கூட்டாளி பிச்சையா ஆசாரியுடையது. அவர் பரம்பரையாகச் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர். அவர் அடித்த குடமோ தவலையோ ஒழுகுகிறது என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவர் வாயால் சொல்லமாட்டார், ஊர் சொல்லும்.

இங்கே வருகிற சங்கதி எல்லாம் ஒரே ஒரு வண்டியால் வந்தவை. ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. அந்த வண்டியால் பிச்சையா ஆசாரி சுத்தியலையே விட்டுவிடப் பார்த்தார்.

கோணி ஊசி

ஏரலில் பெரிய வியாபாரி ஒருவர் இருந்தார். ஏரல் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் சொல்வோம். தூத்துக்குடியில் கடையைக் கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் வாங்கிய வண்டி அது. இயந்திரமும் சக்கரமும் கப்பலில் வந்தவை. மேல் உடம்பு மட்டும் துரை மதராஸில் தன் அளவுக்குச் சொல்லிச் செய்யவைத்தது. துரை ஆறடிக்கு மேல். தலையில் வைத்த தொப்பியைக் கழற்றாமல் உட்கார வேண்டும் என்று கூரையை உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய கதவு. ரயில் பெட்டியில் இருப்பதுபோல, தோல்வாரைப் பிடித்து இறக்கினால் கண்ணாடி கதவுக்குள் போய்விடும். இடுப்பு வளைவும் சக்கரத்துக்கு மேல் மட்கார்டு எழுந்து விழுகிற அழகும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. அண்ணாச்சியோ ஐந்தடி. உள்ளே உட்கார்ந்தால் தேரில் வைத்த சாமி மாதிரி இருப்பார்.

வருஷக்கணக்காகக் கடற்காற்றில் நின்ற வண்டி. பார்வைக்கு அங்கங்கே வர்ணம் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். பிச்சையா ஆசாரி சுற்றிச் சுற்றி வந்தார். தேங்காய் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டினார். பிறகு மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்து, கதவின் அடியில் பைய வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். ஊசி அப்பத்துக்குள் போவதுபோல முழுசாகப் போய்விட்டது. இப்படிப் பதினேழு இடம். ஒவ்வொரு இடத்திலும் நான் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில் வண்டி அம்மை வார்த்த பிள்ளை மாதிரி நின்றது.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. ஐப்பசி மழைக்குள் சரியாக வராவிட்டால் இந்த உடம்பையே கழற்றிப் போட்டுவிட்டு மதராஸில் புதுசு சொல்லிவிடுவேன் என்றார். நமக்கெல்லாம் பழக்கப்பட்ட அந்த வசனத்தையும் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன்: "வண்டி வரும்போது முழுசாத்தான வே வந்துச்சு. இவரு குத்துன பொறவுல்லா ஓட்டை விழுந்திருக்கு!"

நாக்கு

மக்கிய தகட்டையெல்லாம் வெட்டி எடுத்தோம். கதவின் உள்பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஒரு கை மணல், இரண்டு சின்னச் சங்கு, காய்ந்த பல்லி ஒன்று, எல்லாம் கொட்டின. கடற்கரையையே உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி இருந்தது. மரச்சட்டம் சில இடத்தில் பஞ்சாகியிருந்தது. அதைத் தேக்கில் மாற்றினோம். மிச்சம் இருந்த நல்ல தகட்டைச் சுரண்டித் தேய்த்து, ஆற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக விட்டுக் கழுவினோம்.

எனக்குத் தகடு சுத்தமாகத்தான் தெரிந்தது. வர்ணக் குழம்பைக் கலக்கிக்கொண்டு வந்து நின்றேன். பிச்சையா ஆசாரி கையைக் காட்டி நிறுத்தினார். தகட்டின் ஓரத்தில் விரலை அழுத்தித் தேய்த்தார், விரலை நாக்கில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உப்பு இருக்கிறவரைக்கும் மேலே என்ன பூசினாலும் அடியில் துரு தின்றுகொண்டே இருக்கும் என்பது பிற்பாடு எனக்குப் புத்தகத்தில் கிடைத்த சங்கதி. அவருக்கு அது நாக்கில் கிடைத்தது.

மூன்று நாள் கழுவினோம். ஒவ்வொரு தடவையும் நான் ஆசையோடு வர்ணச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். அவர் விரலை நாக்கில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவார். மூன்றாம் நாள் எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. இன்னும் என்ன வே என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இன்னும் தூத்துக்குடி போகல வாத்தியாரே. இன்னொரு தடவ கழுவணும்."

புளி

எவ்வளவு பெரிய கைகாரரும் ஓர் இடத்தில் சறுக்குவார். இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு. தூத்துக்குடி ஒருவழியாகப் போனபின், தகட்டின் பள்ளங்களில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு மிச்சம் இருந்தது. பிச்சையா ஆசாரி யோசிக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் மனைவி பொன்னம்மாளிடம் ஓர் உருண்டை பழம்புளி வாங்கிவந்து கரைத்து, செம்புத் தவலையைத் தேய்க்கிற தேய்ப்பாக வண்டி முழுவதையும் தேய்த்துவிட்டார். தகடு வெள்ளிபோல ஆயிற்று. தலை வாருகிற அளவுக்குப் பளபளப்பு. நான் உண்மையிலேயே அதில் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டேன். ஒரு துணியால் துடைத்துவிட்டு இருவரும் மிதப்போடு வீட்டுக்குப் போனோம்.

காலையில் வந்து பார்த்தால் வண்டி முழுக்கச் செங்காவி. முந்தின நாள் பொட்டாக இருந்தது இன்று போர்வையாக இருந்தது. பிச்சையா ஆசாரி தடவிப் பார்த்தார், விரலெல்லாம் சிவப்பு. செம்பு கேட்கிற பேச்சை இரும்பு கேட்காது என்பது அவர் கைக்குப் புதுசு. அன்றைக்குப் பார்த்துப் பொன்னம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கழுவி, வெயில் சூட்டிலேயே விளக்கெண்ணெய் தடவ வேண்டும், தோசைக்கல்லுக்கு அப்படித்தானே செய்கிறோம் என்றாள். அப்படியே செய்தோம். அதற்குப் பிறகு ஒரு பொட்டுகூடச் சிவக்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்: "என்கிட்ட புளி மட்டுந்தான வாத்தியாரண்ணே கேட்டாக. எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அப்பவே சொல்லிருப்பேன்."

ஈர்க்குச்சி

இடது பக்கத்து மட்கார்டு முழுக்கவே போய்விட்டது. புதுத் தகட்டில் ஒன்று அடிக்க வேண்டும், அதுவும் வலது பக்கத்து வளைவுக்கு அச்சாக. அச்சுக்கட்டை கிடையாது, படம் கிடையாது. நான் பெரிய காகிதத்தில் அளவெடுத்து வரைய ஆரம்பித்தேன். சித்திர வாத்தியார் அல்லவா? பிச்சையா ஆசாரி அதை எட்டிப் பார்த்துவிட்டுத் தென்னை விளக்குமாற்றில் இருந்து நாலைந்து ஈர்க்குச்சியை உருவினார். ஒவ்வொன்றையும் நல்ல மட்கார்டின் மேல் வளைத்து வைத்து, இரண்டு முனையிலும் நூல் கட்டி நிறுத்திக்கொண்டார். புளியமரத்துக் கட்டையில் குழி வெட்டி, தகட்டை அதன்மேல் போட்டு, கொட்டாப்புளியால் தட்டத் தொடங்கினார். மரச்சுத்தியல்தான் கொட்டாப்புளி. அந்தத் தாளம் வண்ணார்பேட்டை முழுக்கக் கேட்கும். நாலு தட்டுக்கு ஒரு தடவை ஈர்க்கை வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் மறுபடியும் தட்டு. ஒன்பதாம் நாள் எந்த ஈர்க்கை எங்கே வைத்தாலும் வெளிச்சம் தெரியவில்லை.

ரயில்வே பட்டறையில் மேஸ்திரியாக இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர், ஊர்ப்பேச்சில் சட்டைக்காரர், வண்டியைப் பார்க்க வந்தார். சட்டைப்பையில் பித்தளைக் கவராயம் வைத்திருப்பார். இரண்டு மட்கார்டில் எது புதுசு என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். முட்டிபோட்டு உட்கார்ந்து, குனிந்து, கவராயத்தை வைத்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, அரைமணி நேரம் அளந்தார். பிறகு பழைய மட்கார்டைக் காட்டி இதுதான் புதுசு என்றார். நாங்கள் சிரித்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை. நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டு, என்ன கருவியால் அளந்தீர்கள் என்று ஆசாரியிடம் கேட்டார். ஆசாரி ஈர்க்கை நீட்டினார். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "இந்தக் குச்சி எந்தக் கடையிலே கிடைக்கும், ஆசாரியாரே?"

சாம்பல்

கதவு இரண்டையும் மாட்டுவதற்கு முன்னால் அடியில் சின்னச் சின்னத் துளைகள் இருப்பது கண்ணில் பட்டது. ஒரு கதவுக்கு மூன்று. மிளகு போகிற அளவு. துரு தின்ற ஓட்டை இல்லை, வட்டமாக, ஒழுங்காக இருந்தன. எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை. மதராஸ்காரன் ஆணி அடிக்க மறந்துவிட்டான் என்று முடிவுகட்டினோம். பாத்திரக்காரர் கண்ணுக்கு ஓட்டை என்றால் ஓட்டைதான். பிச்சையா ஆசாரி நவச்சாரத்தைத் தடவி, பற்றுவைக்கிற இரும்பைக் காய்ச்சி வைத்து, ஆறு துளையையும் ஈயத்தால் அடைத்து அரத்தால் ராவிவிட்டார். துளை இருந்த இடம் தெரியவில்லை.

அதோடு விட்டாரா? தவலையைப் பார்க்கிற மாதிரியே கதவையும் பார்த்தார். இரண்டு கதவையும் நிமிர்த்தி நிறுத்தி, அடியில் சலித்த சாம்பலைத் தூவி, மேலே கண்ணாடி இறங்குகிற இடுக்கு வழியாகத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார். ஒரு பகல் முழுக்க அது நின்றது. சாயங்காலம் குனிந்து பார்த்தோம். சாம்பலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு ஏரல் அண்ணாச்சியும் வந்திருந்தார். வழக்கம்போலக் குறை தேடி, ஒன்றும் அகப்படாமல், இதெல்லாம் சரி, அடைமழையில் போனால் ஒழுகாமல் இருக்குமா என்று உதட்டைச் சுழித்தார்.

பிச்சையா ஆசாரி எழுந்து நின்றார். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "மழ பெஞ்சு இந்த வண்டி ஒரு சொட்டு ஒழுகிச்சுன்னா, அன்னைக்கே இந்தச் சுத்தியலக் கீழ வச்சிருதேன் அண்ணாச்சி. பொறவு செத்தாலும் தொடமாட்டேன்."

தோமா

இனி என் பாடு. விளக்கெண்ணெயை ஒட்டத் துடைத்தபின் வர்ணம் ஏழு கை, வார்னிஷ் நாலு கை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் படிகாரக் கல் மாதிரி வழவழக்கத் தேய்க்க வேண்டும். எனக்கு வாய்த்ததோ ஆடி மாதம். மேற்கே இருந்து காற்று கிளம்பினால் தெருவே எழுந்து பட்டறைக்குள் வந்துவிடும். பொன்னம்மாள் சாக்குகளை ஆற்றில் முக்கிக் கொண்டுவந்து நாலு பக்கமும் திரைபோலத் தொங்கவிட்டாள். தூசி அதில் ஒட்டிக்கொண்டது. அவள் இல்லாவிட்டால் நான் வண்டிக்கு வார்னிஷ் அடித்திருக்கமாட்டேன், உப்புத்தாள் செய்திருப்பேன்.

தூசியைத் தடுக்கலாம், விரலைத் தடுக்க முடியாது. "ஈரம். தொடக்கூடாது" என்று என் கையாலேயே அழகாக எழுதிப் பலகை வைத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். படித்தவர்கள்தான் தொட்டார்கள். கடைசிக் கை வார்னிஷ் அடித்த அன்றைக்கு எங்கள் சபை உபதேசியார் வந்தார். பலகையை வாய்விட்டு வாசித்தார். என் எழுத்தைப் பாராட்டினார். பாராட்டிக்கொண்டே கதவின் நட்டநடுவில் சுட்டுவிரலை வைத்து எடுத்தார். ஒரு ரேகை தவறாமல் பதிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்போஸ்தலர் தோமாவே தொட்டுப் பாத்துத்தான நம்புனாரு, வாத்தியாரே."

ஏரல் துறை

ஆவணியில் வண்டியைக் கொடுத்தோம். கரும்பச்சை வர்ணம், ஓரத்தில் மஞ்சள் கோடு, உயர்ந்த கூரை. அண்ணாச்சி உள்ளே ஏறி உட்கார்ந்து, தலைக்கு மேல் இருந்த இடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முதன்முதலாக ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பினார். பாளையங்கோட்டை வழியாக ஸ்ரீவைகுண்டம் போகிறவரைக்கும் வயலில் நின்றவர்கள் வரப்பேறி வந்து பார்த்தார்களாம். மாடசாமிதான் ஓட்டினார். முன்னே அண்ணாச்சியின் வில்வண்டியை ஓட்டியவர், மாட்டை விட்டுவிட்டு மோட்டாருக்கு மாறியவர். ஹாரனை அமுக்குவதற்கு முன்னால் நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுப்பார். பழக்கம்.

பத்து நாள் கழித்து நானும் பிச்சையா ஆசாரியும் ஏரல் போனோம். வேறு வேலையும் இருந்தது, உண்மையில் வண்டியைப் பார்க்கத்தான் போனோம். பெற்றவர்கள் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கப் போகிற மாதிரி. வீட்டில் வண்டி இல்லை. ஆற்றுக்குப் போயிருக்கிறது என்றார்கள். ஓடினோம். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் நான்கு ஜோடி மாடு, இரண்டு எருமை, அவற்றுக்கு நடுவே எங்கள் கரும்பச்சை வண்டி. மாடசாமி வைக்கோல் பிரியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார். என் நாலு கை வார்னிஷ்! நான் போட்ட கூச்சலில் எருமை இரண்டும் கரையேறிவிட்டன. மாடசாமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "மாடு குளிக்குத தண்ணியில வண்டி குளிச்சா என்ன வே? இதுக்குன்னு தனியா ஒரு ஆறா ஓடுது?"

கதவுக்குள் சத்தம்

ஐப்பசி பிறந்து விடாமல் எட்டு நாள் மழை. ஒன்பதாம் நாள் காலை மாடசாமி வண்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். கதவு இரண்டும் கனக்கிறது, கீல் தொங்குகிறது, வளைவில் திருப்பினால் கதவுக்குள் ஆறு ஓடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது என்றார். பிச்சையா ஆசாரி கதவில் காதை வைத்தார். மாடசாமி வண்டியை ஒரு குலுக்குக் குலுக்கினார். சளக் என்று உள்ளே தண்ணீர் மோதியது. எனக்கே கேட்டது.

அந்த நொடியில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. கண்ணாடியில் வழிகிற மழை இடுக்கு வழியாகக் கதவுக்குள்தான் போகும். போன தண்ணீர் வெளியேறத்தான் அந்த மூன்று துளை. அதை நாங்கள் ஒரு சொட்டு கசியாதபடி அடைத்திருந்தோம். அவர் வேலை அவ்வளவு சுத்தம். எட்டு நாள் மழையையும் கதவு இரண்டும் குடம்போலப் பிடித்து வைத்திருந்தன. பிச்சையா ஆசாரி நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். துளை போடுகிற தமரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்தார்.

முதல் துளை விழுந்ததும் தண்ணீர் அவர் நெஞ்சில் பீச்சி அடித்தது. சிவப்பாக வந்தது. இரண்டே மாதத்தில் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆறு துளையும் போட்டு முடித்து, நனைந்தபடியே எழுந்து வந்தார். தண்ணீர் வடிந்து முடிகிறவரைக்கும் நின்று பார்த்தார். பிறகு சுத்தியலைத் துடைத்து என் மேஜைமேல் வைத்தார். இது ஒழுகுவதில் சேராது வே, நாமேதானே திறந்துவிட்டோம் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை விடுவித்துக்கொண்டு அவர் சொன்னார்: "அந்தத் தொளையப் போட்டவன் என்னவிட வெவரம் தெரிஞ்சவன். நான் அவனத் திருத்தப் போனேன். சொன்ன சொல்லு சொல்லுதான், வாத்தியாரே, வச்சிட்டேன்."

எட்டு நாள்

அவர் வரவில்லை. கதவுக்குள் விளக்கெண்ணெய் ஊற்றிச் சுழற்றித் துருவை நிறுத்தி, கீலை முடுக்கி, வண்டியை அனுப்பிவைத்தேன். அதற்கு நான் போதும். அவருக்குப் பதிலாக யார் தட்டுவார்? பட்டறையில் இரண்டு ஜட்காவும் ஒரு வில்வண்டியும் தகட்டுக்காகக் காத்துக்கிடந்தன. எனக்கு அதைவிடச் சங்கடம் அந்தச் சுத்தியல். மேஜைப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணில் படும். கைப்பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருக்கும். அந்தக் கையில் இனி சுத்தியல் இல்லை என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

வீட்டுக்கு மூன்று தடவை போனேன். பேசுவார், சிரிப்பார், காப்பி கொடுக்கச் சொல்வார், சுத்தியலைப் பற்றி எடுத்தால் மழையைப் பார்ப்பார். எட்டாம் நாள் பொன்னம்மாளே பட்டறைக்கு வந்துவிட்டாள். தலையில் ஓலைக்குடை, கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபத்தில் என்றும் சொல்லலாம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பொரிந்து தள்ளினாள்: "வீட்டுல உள்ள கொடம், தவல, அண்டா அத்தனையிலயும் தண்ணிய ரொப்பி, அடியில சாம்பலத் தூவிட்டு, ஒவ்வொண்ணா குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. எனக்குக் கால் வைக்க எடம் இல்ல வாத்தியாரண்ணே!"

முறுக்கு

அன்றைக்கே ஏரலுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். நடந்ததை அப்படியே எழுதினேன். பதில் வரவில்லை. அண்ணாச்சியிடம் பரிவை எதிர்பார்த்தது என் மடத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் ஆசாரி வீட்டில் அண்டாக்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுத்தியலை மடக்கின குடைக்குள் செருகிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் கொண்டுபோவேன், அப்படியே திருப்பிக் கொண்டுவருவேன். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் நாக்குச் சொடுக்கும் கேட்டது.

வாசல் தாழ்வாரத்தை ஒட்டிக் கரும்பச்சை வண்டி. கதவின் அடியில் மூன்று துளையில் இருந்தும் மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தெருவில் விழுந்துகொண்டிருந்தது. ஏரல் அண்ணாச்சி உள்ளே இருந்தபடியே கதவைத் திறந்து, ஆசாரியாரே இங்கன வாரும் என்று கூப்பிட்டார். பிச்சையா ஆசாரி போனார். மடக்கின குடையோடு நானும், பொன்னம்மாளும் பின்னாலேயே போனோம். அண்ணாச்சியின் காலடியில், கதவை ஒட்டி, மூடியில்லாத பனையோலைப் பெட்டி ஒன்று இருந்தது. அது நிறைய முறுக்கு. அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்த மழை இரைச்சலிலும் கடுக் என்று கேட்டது. வாயில் முறுக்கோடு சொன்னார்: "ஏரல்ல இருந்து இந்த அடமழையில தொறந்த பெட்டியாத்தான் வச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒண்ணுகூட நமுக்கல. தண்ணி கதவோட போச்சு, உள்ள வரல. நீரு சத்தியம் பண்ணுனது எனக்குத்தான வே? நான் நனையல. சுத்தியல எடும்."

பிச்சையா ஆசாரி உள்ளே தலையை நீட்டினார். குனிந்து வண்டியின் தளத்தை உள்ளங்கையால் தடவினார். நாலு மூலையிலும் விரலை விட்டுப் பார்த்தார். விரலைத் தன் சட்டையில்லாத நெஞ்சில் தேய்த்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு அவர் பெட்டியில் இருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஒரு கையை என் பக்கம் நீட்டினார். நான் குடைக்குள் இருந்து சுத்தியலை உருவி அதில் வைத்தேன். கட்டைவிரல் அதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறந்து, அண்ணாச்சியைப் பார்த்து, அதே பழைய குரலில் சொன்னார்: "முறுக்குல தூத்துக்குடி கொஞ்சம் கூடிப்போச்சு, அண்ணாச்சி."

அதற்குப் பிறகு எத்தனையோ மோட்டார் எங்கள் பட்டறைக்கு வந்துபோயிருக்கின்றன, ஆனால் அந்த ஆறு துளையையும் முதலில் பார்த்து "இதையும் அடைச்சிரும் வே" என்று சொன்னவன் நான்தான் என்பதைப் பிச்சையா ஆசாரி இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, நானும் இங்கேதான் முதல்தடவையாகச் சொல்கிறேன்.